நல்ல தண்ணீரில் அலசிய கேமரா

யூடியூபில் ஒருத்தன் வருகிறான். கையில் காசு இல்லாதவர்கள் வீடியோ எடுப்பது எப்படி என்று வகுப்பு எடுக்கிறான். ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, பளபளவென்று ஒரு கேமராவைத் தூக்கிக் காட்டி, "இது ரொம்பச் சின்ன முதலீடுதான் நண்பர்களே" என்கிறான். அவனுடைய சின்ன முதலீட்டுக்கு மரக்காணத்தில் ஒரு வீட்டை ஒத்திக்கு எடுத்துக் குடியிருக்கலாம். அவனை எங்கள் உப்பளத்தில் சித்திரை வெயிலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. கீழே உப்பு, மேலே வெயில், நடுவில் உப்புக் காற்று. அவன் கேமரா எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்த்துவிடலாம்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். கடைக்கு வருகிறவர்களுக்கு அது தெரியும். மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற மொபைல் கடை என்னுடையது. என் பெயர் பஞ்சநாதன். முன்பக்கம் செல்போன் கவர், டெம்பர்டு கிளாஸ், சார்ஜர். பின் அலமாரியில் கேமரா சாமான்கள்: ட்ரைபாட், எல்இடி லைட், மைக், மெமரி கார்டு. இந்தப் பக்கத்துக் கல்யாண வீடியோக்காரர்களில் பாதிப் பேர் அந்த அலமாரியை நம்பித்தான் தொழில் செய்கிறார்கள். அவர்களில் ஒருத்தி அமுதவல்லி. அவளைப் பற்றித்தான் எழுத வந்தேன். யூடியூப்காரன் குறுக்கே வந்துவிட்டான்.

அமுதவல்லியின் அம்மா ஆண்டாள் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவர். அப்பா இல்லை. அமுதவல்லியும் பள்ளிக்கூடம் முடித்த கையோடு இரண்டு சீசன் பாத்தியில் இறங்கி உப்பு வாரியவள்தான். பிறகு பாண்டிச்சேரியில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் வேலைக்குப் போனாள். அங்கே அவளைக் கேமராவைத் தொடவே விடவில்லை. "பொம்பளப் புள்ள, வெயிட்டு தூக்க முடியாதும்மா" என்று சொல்வார்களாம். தலையில் உப்புக் கூடை சுமந்தவளிடம் சொல்கிறார்கள்! அந்த ஸ்டுடியோ தன் பழைய கேமரா ஒன்றைக் கழித்துக் கட்டியபோது, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி அதை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள்.

அந்தக் கேமராவின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். திரையில் ஒரு மூலை கறுத்துப் போயிருந்தது. பேட்டரி மூடி நிற்காது, ரப்பர் பேண்டு போட்டிருப்பாள். இருந்த ஒரே லென்ஸின் உள்ளே ஓரமாகப் பூஞ்சை. கம்பெனி பேட்டரி வாங்க வசதியில்லாமல் என்னிடம் டூப்ளிகேட் இரண்டு வாங்கினாள். இரண்டும் அடுத்தடுத்து வெயிலில் ஊதிப்போய் உள்ளேயே மாட்டிக்கொண்டன. நான் மொத்த வியாபாரிக்குப் போன் போட்டுக் கத்தினேன். "அண்ணே, ஊட்டில இருந்து யாரும் கம்ப்ளெயிண்ட் சொல்லலியே" என்றான் அவன். ஊட்டியில் எவன் உப்பு காய்ச்சுகிறான்?

அமுதவல்லி கத்த மாட்டாள். அதற்கு நான் இருக்கிறேன் என்று விட்டுவிட்டாளோ என்னவோ. அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி கண்டுபிடிப்பாள். உப்பளத்தில் படம் எடுத்தால் வெளிச்சம் தாங்காமல் எல்லாம் வெள்ளையடித்துவிடும். லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி ஒன்று மாட்ட வேண்டும், என்டி ஃபில்டர் என்பார்கள். மலிவு ஃபில்டரைக் கொஞ்சம் அதிகமாகச் சுழற்றினால் படத்தில் கறுப்பாக ஒரு பெருக்கல் குறி விழும். எதுவரை சுழற்றலாம் என்று நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டாள். ட்ரைபாட் கால் குத்தினால் பாத்தியின் தரை கெட்டுப்போகும். சீசன் ஆரம்பத்தில் காலால் மிதித்து மிதித்து இறுக்கிய தரை அது. பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி மூன்று காலுக்கும் ஒட்டினாள். காற்றின் இரைச்சல் மைக்கில் விழாமல் இருக்க ரோமக் குல்லாய் ஒன்று கேட்டாள். என் கடையில் இருப்பு இல்லை. வீட்டில் கிடந்த கரடி பொம்மையின் காதை அறுத்துத் தைத்துக்கொண்டாள்.

இந்தச் சாமான்களை வைத்துக்கொண்டு வானூரில் கல்யாணம், இரும்பையில் காதுகுத்து, பெரிய முதலியார்சாவடியில் மஞ்சள் நீராட்டு என்று நாலு வருஷம் ஓட்டினாள். போகிற இடத்தில் எல்லாம் ஒரு மாமா எழுந்து வந்து, "ஏம்மா, பெரிய கேமரா கொண்டாரலியா?" என்று கேட்பார். மொய்யில் நூறு ரூபாய் எழுதிவிட்டுப் பெரிய கேமரா கேட்கிற மாமாக்களை எனக்குத் தெரியும். வாயில் நன்றாக வந்தது, எழுதவில்லை.

போன சித்திரையில் உப்பள முதலாளி புருஷோத்தமன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். ஆண்டாள் வேலை செய்வது அவருடைய அளத்தில்தான். பாக்கெட் உப்பு போடப் போகிறார், அதற்கு ஒரு விளம்பரப் படம் வேண்டும். பாண்டிச்சேரிக்காரன் கேட்ட கூலிக்கு மனசு வரவில்லை, உள்ளூர்ப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். "தொழிலாளிங்களை நாம எப்படி வச்சிருக்கறோம்னு ஜனங்க பாக்கணும் அமுதா. நீயும் நம்ம பொண்ணுதானே" என்றாராம்.

எப்படி வைத்திருக்கிறார் என்று நான் சொல்கிறேன். அந்தப் பெண்கள் வெறுங்காலோடு உப்புத் தண்ணீரில் நிற்கிறார்கள். பாதம் வெடித்து, வெடிப்பில் உப்பு ஏறி, புண் ஆறுவதே இல்லை. ரப்பர் பூட்ஸ் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். "பூட்ஸு போட்டு மிதிச்சா பாத்தி கெட்டுடும்" என்பது முதலாளியின் பதில். அந்தப் பாத்தி கெட்டுப்போகிற கதை படம் எடுக்கிற அன்றைக்கு மட்டும் எங்கே போனதோ தெரியவில்லை. விடியற்காலையில் சூப்பர்வைசர் தட்சணாமூர்த்தி டாட்டா ஏஸில் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்கினார். புது கம்பூட்ஸ், கையுறை, கறுப்புக் கண்ணாடி. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டார்களாம். ஆண்டாளுக்கு இடது குதிகாலில் பெரிய வெடிப்பு. பூட்ஸுக்குள் கால் நுழைந்ததும், "மெத்தையில வச்ச மாதிரி இருக்குதுடி" என்று மகளிடம் சொன்னார்.

அமுதவல்லி படம் எடுத்தாள். உப்பு வாருவது, குவிப்பது, கண்ணாடி மாட்டிக்கொண்டு சிரிப்பது. கடைசியாக ஆண்டாளின் ரவிக்கையில் கரடிக் காது மாட்டிய, வயரில்லாத காலர் மைக்கைக் குத்தி, முதலாளி சொல்லிக்கொடுத்ததைப் பேச வைத்தாள். "எங்க மொதலாளி எங்களை நல்லா பாத்துக்கறாரு." முதலாளி திருப்தியாகக் காரில் ஏறிப் போய்விட்டார். அமுதவல்லி உப்புக் குவியல்களைத் தூரத்திலிருந்து எடுக்கக் கேமராவை ட்ரைபாடில் வைத்து ஓடவிட்டிருந்தாள். காதில் இயர்போன். அம்மா மேலிருந்த மைக்கைக் கழற்ற மறந்திருந்தாள்.

இயர்போனில் தட்சணாமூர்த்தியின் குரல் கேட்டது.

"படம் எடுத்தாச்சு இல்ல? கழட்டுங்க, கழட்டுங்க. எல்லாம் சாக்குல போடுங்க."

"ஐயா, இந்த ஒரு காலுதையாவது உட்டுட்டுப் போங்கய்யா. புண்ணு இருக்குது." அது ஆண்டாள்.

"ஒத்தக் காலு பூட்ஸை வச்சுக்கினு நான் கடையில எப்படி ரிட்டர்ன் குடுக்கறது? கழட்டும்மா."

வாடகைக்கு எடுத்ததுகூட இல்லை. வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு அளவு சரியில்லை என்று கடையில் திருப்பிக் கொடுக்கத் திட்டம். அமுதவல்லி கேமராவை மெல்லத் திருப்பினாள். வரப்பில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுகிறார்கள். ஆண்டாளுக்குப் புண் ஒட்டிக்கொண்டு கழலவில்லை. தட்சணாமூர்த்தி குனிந்து இழுக்கிறார். வந்ததும் கவிழ்த்து உதறி, உள்ளே ரத்தம் பட்டிருக்கிறதா என்று விரலைவிட்டுத் தடவிப் பார்க்கிறார். மனுஷி கத்தியதைப் பார்க்கவில்லை, பூட்ஸைப் பார்க்கிறார்! அப்புறம்தான் கேமராவில் சிவப்பு விளக்கு எரிவது அவர் கண்ணில் பட்டது. "இதெல்லாம் அழிச்சிடு, இன்னா?" என்றார். அமுதவல்லி சரி என்று தலையாட்டிவிட்டு மூட்டை கட்டினாள்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அவளுடைய கார்டு ரீடரில் பச்சை பிடித்து வேலை செய்யவில்லை. இங்கே எல்லாம் அப்படித்தான் சாகிறது. கேமராவை ஆணியில் மாட்டிவிட்டு, புது ரீடர் வாங்க என் கடைக்கு வந்தாள். வாங்கிக்கொண்டு திரும்பியவள் கொஞ்ச நேரத்தில் போன் செய்தாள். உடனே வரச் சொன்னாள். நான் கடையை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

வாசலில் ஒரு பக்கெட். பக்கத்தில் கொடிக்கயிற்றில் கேமரா தலைகீழாகத் தொங்கி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

நடந்தது இதுதான். வேலை முடிந்து வந்த ஆண்டாள் கேமராமேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்திருக்கிறார். உப்பளத்தில் எல்லோருக்கும் உள்ள பழக்கம், உப்புப் பட்ட எதையும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். மண்வெட்டி, இரும்புச் சட்டி, சைக்கிள், கால், கை, எல்லாம். அலசாமல் விட்டால் விடிவதற்குள் துரு தின்றுவிடும். மகளின் சாமானைத் துரு தின்ன விடுவாரா? குடிக்க வைத்திருந்த தண்ணீரைப் பக்கெட்டில் ஊற்றி, கேமராவை இரண்டு முறை முக்கி எடுத்து, நிழலில் காயப் போட்டிருக்கிறார்.

அமுதவல்லி அன்றைக்குத்தான் கத்தினாள். "உன்னை யாரு தொடச் சொன்னது? ஏம்மா தொட்ட?" என்று தெருவே கூடுகிற மாதிரி கத்தினாள்.

ஆண்டாளுக்குப் புரியவில்லை. "உப்பு பட்டுதுன்னா அலசணும் இல்லடி? நல்ல தண்ணியிலதான் அலசினேன். சோப்புகூட போடல" என்றார். பிறகு மகள் முகத்தைப் பார்த்து ஏதோ பெரிதாக நடந்துவிட்டது என்று தெரிந்ததும், அந்தப் புண் காலோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. அந்தத் தாய்மேல் காட்ட முடியுமா? பக்கெட்டை உதைத்தேன். கால் கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம்.

கேமரா செத்துவிட்டது. பாண்டிச்சேரி மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். மெமரி கார்டு மட்டும் காய வைத்துப் போட்டதும் ஓடியது. பூட்ஸ் கழற்றுகிற காட்சி முழுசாக இருந்தது. கரடிக் காது புண்ணியத்தில் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

சின்ன ஊரில் எதுவும் நிற்காது. கேமரா போன சேதியும், கார்டு பிழைத்த சேதியும் சேர்ந்தே முதலாளியிடம் போயின. மறுநாள் எனக்குப் போன் வந்தது.

"பஞ்சநாதா, அமுதாவுக்கு ஒரு நல்ல கேமரா எடுத்துக் குடுப்பா. புதுசா, லென்ஸோட. பில்லை எனக்கு அனுப்பு. அந்தப் பழைய கார்டுல இருக்கறது நம்ம கம்பெனி படம், கார்டை மட்டும் வாங்கி தட்சணாமூர்த்திகிட்ட குடுத்துடு."

அவர் குரலில் ஒரு அதட்டல் இல்லை, ஒரு மிரட்டல் இல்லை. கல்யாணத்துக்குச் சீர் சொல்கிற மாதிரி சொன்னார். அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு ஜோடி பூட்ஸ் கொடுக்க மனசு வராதவர், அதைப் பிடுங்கியது வெளியே தெரியாமல் இருக்க லட்ச ரூபாய்க் கேமரா கொடுக்கத் தயார்!

இருந்தாலும் நான் வியாபாரி. பெட்டி வந்து என் மேஜைமேல் உட்கார்ந்தது. அமுதவல்லி வந்தாள். பெட்டியைத் திறந்து கேமராவைக் கையில் எடுத்தாள். தண்ணீர், தூசு உள்ளே போகாமல் ஓரமெல்லாம் ரப்பர் வைத்துச் செய்தது. மூடி தானாக நின்றது. அவள் விரல் அந்த மூடியைத் திறந்து திறந்து மூடியது. அவளிடம் அடுத்த மாதத்துக்கு மூன்று கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தது. கேமரா இல்லை என்று தெரிந்தால் மூன்றும் போகும். அப்புறம் சீசனுக்கு அவளும் பாத்தியில் இறங்க வேண்டியதுதான்.

"எடுத்துக்க அமுதா" என்றேன். "அவன் பணம்தானே. இந்த வீடியோவைப் போட்டு இன்னா ஆவப்போவுது? நாலு பேரு பாத்துட்டு உச்சுக்கொட்டுவான், அப்புறம் சினிமா பாக்கப் போயிடுவான்." நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். இந்த ஜனங்கள்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அவள் கேமராவைப் பெட்டிக்குள் வைத்தாள். "நான் எப்படிண்ணே முடிவு பண்றது? அது எங்க அம்மா காலு. அவங்க எல்லாரோட காலு. அவங்க பாக்கட்டும்" என்றாள்.

மறுநாள் வேலை விட்டதும் பெண்கள் என் கடைக்கு வந்தார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பின்பக்கத்து டிவியில் போட்டுக் காட்டினேன். முதலில் தங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். கண்ணாடி மாட்டின ஒருத்தியைக் கிண்டல் செய்தார்கள். வரப்பில் வரிசையாக உட்கார்ந்து கழற்றுகிற இடம் வந்ததும் டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்தார்கள். இழுக்கும்போது ஆண்டாள் போட்ட சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

படம் முடிந்தது. அமுதவல்லி எதையும் மறைக்கவில்லை. பெட்டியைக் காட்டி, முதலாளி சொன்னதைச் சொன்னாள்.

ஆண்டாள்தான் முதலில் பேசினார். "அன்னிக்கு எனக்கு வலிதான் தெரிஞ்சுது. இவ்ளோ அசிங்கமா இருந்துச்சுன்னு இப்பதான் தெரியுது." பிறகு மகளைப் பார்த்தார். "கேமராவை நான்தான் கெடுத்தேன். அதுக்காவ இதை வித்துடாத. போடு. ஊரு பாக்கட்டும்."

கொளஞ்சியம்மாள் என்று ஒருவர், அவர்களில் வயதானவர். "போடுடி. வேலைய உட்டுத் தூக்குனா எல்லாரையும் சேத்துத் தூக்கட்டும், பாத்துக்கலாம்" என்றார்.

பெட்டியை நானே திருப்பி அனுப்பினேன். எனக்குக் கமிஷன் போன கோபமும் கொஞ்சம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

வீடியோ வெளியே போனது. நான் நினைத்தபடி நாலு பேரோடு நிற்கவில்லை. பாண்டிச்சேரி, திண்டிவனம், சென்னை என்று வாட்ஸப்பில் சுற்றி, ஒரு அதிகாரி அளத்தைப் பார்க்க வந்துவிட்டார். முதலாளி உடனே பூட்ஸ் வழங்கும் விழா அறிவித்தார். எல்லோரையும் வேலைக்கு வைத்துக்கொண்டார், ஆண்டாளைத் தவிர. "உனக்கு வயசாயிடுச்சு, ரெஸ்ட் எடும்மா" என்று தட்சணாமூர்த்தி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். அமுதவல்லி கையிலிருந்த மூன்று கல்யாணமும் போயிருந்தது. வீட்டில் இரண்டு பேரும் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். நியாயம் கேட்டவர்களுக்கு இந்த உலகம் கொடுக்கிற பரிசு இதுதான் என்று நான் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் கத்திக்கொண்டிருந்தேன்.

விழாவுக்குச் சென்னையிலிருந்து பெரிய கேமராக்காரர்கள் வந்தார்கள். வெயிலில் அவர்களுடைய மானிட்டர் பேட்டரி படுத்துவிட, என்னைக் கூப்பிட்டார்கள். நான் பேட்டரியோடு போனேன். அமுதவல்லி என் வண்டியிலேயே வந்து, ரோட்டோரம் நின்று, போனை ட்ரைபாடில் மாட்டினாள்.

அளத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். அதிகாரி உட்கார்ந்திருந்தார். பெண்கள் கையில் ஆளுக்கொரு ஜோடி பூட்ஸ். கேமராக்காரன், "எல்லாரும் மாட்டிக்குங்கம்மா, ரோலிங்" என்றான். ஒருவரும் மாட்டவில்லை. வெறுங்காலோடு அப்படியே நின்றார்கள்.

"போடுங்கம்மா, இன்னா பாத்துக்கினு இருக்கறீங்க?" என்றார் முதலாளி, சிரித்த முகமாக.

கொளஞ்சியம்மாள் கேமராவைப் பார்த்தே கேட்டார். "ஆண்டாளு ஜோடி எங்க மொதலாளி? அவ வந்து போட்டாத்தான் நாங்க போடுவோம்."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி, "யாரு அது ஆண்டாள்?" என்று கேட்டார். முதலாளியின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. வாயைத் திறந்தால் பதிவாகிவிடும். தட்சணாமூர்த்திக்குக் கண்ஜாடை காட்டினார். அவர் தன் பைக்கிலேயே போய் ஆண்டாளை ஏற்றிக்கொண்டு வந்தார். ஆண்டாள் வந்து, வரப்பில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, அவசரப்படாமல் மாட்டினார். அவர் மாட்டிய பிறகு மற்றவர்கள் மாட்டினார்கள்.

விழா முடிந்தது. அதிகாரி போனார், பெரிய கேமராவும் போனது; ரோட்டோரத்தில் அமுதவல்லியின் போன் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தட்சணாமூர்த்தி, பழக்க தோஷமோ இல்லை முதலாளி சொன்னாரோ, ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு வரப்பில் வந்து நின்றார்.

ஆண்டாள் அந்தச் சாக்கைப் பார்த்தார். கிட்டே போனார்.

"கழட்டணுமா?" என்றார். "அப்படின்னா போய் அரிவாள் எடுத்துக்கினு வா. முழங்காலோட சேத்து வெட்டி எடுத்துக்கினு போ."

பிறகு பலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கி உப்பு வார ஆரம்பித்தார். வேலைக்கு வா என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, போ என்று சொல்லவும் அங்கே யாருக்கும் வாய் வரவில்லை.